கதவுக்கு முட்டுக் கொடுத்த பெட்டி

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கிங்ஸ்பரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஜப்பான்காரிக்கு ஒரு டப்பா நிறையப் பருத்தித்துறை வடை கொடுத்தேன். டப்பாவைத் திருப்பித் தந்தபோது, "விளையாட்டுச் சாமான்" என்று சிரித்தபடி ஒரு மரக்கட்டையையும் தந்தார். அதன்மேல் பல நிற மரத்துண்டுகளைப் பதித்த கோலம்; திறக்க ஒரு மூடியும் இல்லை.

"வடை சுட்டுக் குடுத்தவளுக்கு விறகுக்கட்டையோ?" என்று சினந்து, அதைச் சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து என் கணவரின் கால் அதில் தடுக்கியது. "இஞ்சை வாரும்! கட்டை அசையுது!"

ஓடிப்போய்க் குந்தினேன். ஓர் ஓரம் நகமளவு நகர்ந்திருந்தது. அதைத் தள்ள மறுபக்கம் வழிவிட்டது. அதையும் தள்ள இன்னொன்று! ஒட்டே தெரியாத கோலத்துக்குள் இத்தனை பலகைகளா? கடைசியில் மேல்பலகை வழுக்கித் திறந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: "சனிக்கிழமை தேநீருக்கு வாருங்கள்."

வெறுங்காலோடு ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன். என் கையில் திறந்த பெட்டியைக் கண்டதும் குழந்தைபோலக் கைகொட்டினார்.

"ஒவ்வொரு சனியும் இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன்," என்றார்.

இன்று அதே பெட்டிக்குள் என் அழைப்பை வைத்து, பலகைகளை ஒவ்வொன்றாக மூடிக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமைக்கு நானும் இரண்டு கோப்பை எடுத்து வைப்பேன்.