சிவக்காத ஏழாம் கட்டம்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள் ராமுத்தாய். அவள் மகள் கற்பகவல்லி, சிவகாசியில் சின்னதாய் ஓர் இடம் பிடித்து, கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருகிறவள். அம்மா வேலை பார்க்கும் கம்பெனிக்கே எழுதித் தரும் ஆர்டர் வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு அறைக்கும் திரையில் ஒரு கட்டம். அதில் அந்த அறையின் சூடு தெரியும். அளவு மீறினால் கட்டம் சிவக்கும், போர்மேன் மணியடிப்பார், உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிட வேண்டும். ரெடிமேடாகக் கிடைக்கும் கட்டம் எதுவும் அவள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தானே வரைந்தாள்.

புதிதாகக் கட்டிய அறை ஒன்றையும் திரையில் சேர்ப்பதற்காக, சித்திரை வெயிலில் கம்பெனிக்குப் போனாள். போர்மேன் சேசுராஜுக்கு வாயெல்லாம் பல்.

"வாம்மா கற்பகம். வச்ச நாள்ல இருந்து ஒரு கட்டங்கூட செவக்கல, பாத்துக்க. எல்லாம் பச்சை."

இந்த வெயிலிலா? அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"மவுஸ் எங்க அண்ணாச்சி?"

"டிராயருக்குள்ள. மருந்து பட்ட கையால கரண்டு சாமானத் தொடலாமா? காலையில ஆபீஸ்காரர் போட்டு விட்டுப் போயிருவாரு. நான் கண்ணால பாக்குறதோட சரி."

அவள் மவுசை எடுத்து லேசாக நகர்த்தினாள். திரையில் அம்பு ஏழாம் கட்டத்தைக் கடந்தது. அதுவரை முப்பது என்று காட்டிக்கொண்டிருந்த கட்டம், கண்ணெதிரே நாற்பத்துமூன்று ஆகிச் சிவந்தது. ஏழாவது அறையில்தான் அம்மா இருந்தாள்.

"மணிய அடிங்க அண்ணாச்சி!"

அலறியது தன் குரல்தானா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மணி அடித்தது. எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள், ராமுத்தாயும் வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதை நம்பத்தான் கற்பகவல்லியால் முடியவில்லை. சூடு ஏற ஏற கம்ப்யூட்டருக்குள்ளே எண் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கட்டத்தைத் திரும்ப வரையச் சொல்லும் வரியைத்தான் அவள் எழுதாமல் விட்டிருந்தாள். அம்பு மேலே வரும்போது மட்டும் வரையச் சொல்லியிருந்தாள். தன் இடத்தில் சோதித்தபோதெல்லாம் மவுசைப் பிடித்த கையோடு சோதித்தாள். கட்டமும் ஒழுங்காக மாறியது. சனியன், ஒரே ஒரு வரி! இங்கேயோ காலையில் வரைந்த பச்சை சாயங்காலம் வரை அப்படியே நின்றிருக்கிறது.

அம்மாவின் கையைப் பிடித்தாள். அனலாய்க் கொதித்தது.

"அம்புட்டு வேக்காட்டுல எப்படிம்மா உள்ள இருந்தே? வெளிய வந்திருக்கலாம்ல?"

"முன்னெல்லாம் மேலு காந்துனா நாங்களே எந்திரிச்சு வந்திருவோம்." ராமுத்தாய் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "இப்பதான் நீ எழுதுன பொட்டி இருக்கே. எம்மக பாத்துக்கிடுவான்னு, எந்திரிச்சவளுகளையும் நாந்தேன் உக்கார வச்சேன்."