கிணற்றடி வெண்ணெய்ப்பழ மரம்

கல்யாணமாகி என் மனைவி முதல்முறையாகத் திண்டுக்கல்லுக்கு வந்தபோது அவள் மடியில் ஒரு மண்ணெண்ணெய் டின் இருந்தது. டின்னில் மலை மண், அதில் ஒரு முழ உயரத்துக்கு ஒரு கன்று. வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது நான் வைத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். தரவில்லை. ஐம்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது. வழி நெடுக முந்தானையைக் கன்றின் மேல் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அது வெண்ணெய்ப்பழக் கன்று. வத்தலக்குண்டுக்கு மேலே மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூரில் அவளுடைய அத்தா, அதாவது என் மாமனார், பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் இரண்டு பெரிய வெண்ணெய்ப்பழ மரங்கள் நின்றன. அவற்றுக்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை, மருந்து வைத்ததில்லை. பழம் உதிர்ந்தால் பிளந்து, கொட்டையை எறிந்துவிட்டு, சதையை நாட்டுச் சர்க்கரை போட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். எங்கள் தெருவில் அந்தப் பழத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் கிடையாது. கன்றைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, இது என்ன காட்டு மாவா என்று கேட்டார்.

நான் தோல் ஷாப்பில் வேலை பார்த்தேன். தோல் பதனிடும் ஷெட்டுகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆட்டுத் தோல்களைப் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு, அறுக்கும்போது கத்தி பட்ட ஓட்டை, எல்லாம் விரல் வைத்ததுமே தெரிந்துவிடும். வீட்டிலிருந்து ஷாப்புக்கு நடந்தே போகலாம். அவ்வளவு பக்கம்.

அவள் கன்றைக் கிணற்றடியில் வைத்தாள். குளிக்கிற தண்ணீர் அங்கேயே போய்ச் சேரும் என்று கணக்கு. எங்கள் ஊர் வெயில் அதற்குப் புதிது. முதல் கோடையில் இலைகள் அப்பளம் மாதிரி சுருண்டன. தென்னங்கீற்றில் ஒரு சின்னப் பந்தல் போட்டுக் கொடுத்தேன். தண்டு வெந்துவிடாமல் இருக்க அவள் சுண்ணாம்பு பூசினாள். இரண்டாம் வருஷம் கரையான் வேரில் ஏறியது. மண்ணைப் பறித்துவிட்டு அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டினாள். அதற்கடுத்து தண்டைத் துளைக்கிற புழு வந்தது. பட்டையில் மரத்தூள் மாதிரி உதிர்ந்து கிடந்தால் உள்ளே புழு இருக்கிறதென்று அர்த்தம். ஒரு பழைய சைக்கிள் கம்பியை ஓட்டைக்குள் விட்டுக் குத்தி இழுப்பாள். வராவிட்டால் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே திணித்துக் களிமண்ணால் அடைப்பாள். மலையில் இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. இங்கே வந்து, ஒவ்வொரு கிளையாகப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டாள்.

இதற்குள் எங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்திருந்தார்கள். மரம் ஓட்டுக்கு மேல் போயிருந்தது.

ஆறாம் வருஷம் பூத்தது. பச்சையும் மஞ்சளுமாய்ப் பொடிப் பூக்கள், கொத்துக் கொத்தாக. மூன்று நாள் வெக்கைக் காற்று அடித்ததில் அத்தனையும் கிணற்று மேடையில் கொட்டிவிட்டன. அவள் அதைக் கூட்டி அள்ளி மரத்தடியிலேயே போட்டாள். அடுத்த வருஷம் ஒன்பது பிஞ்சு நின்றது. மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிக்கொண்டு மூன்றை உதிர்த்தது. மிச்சத்தை அணில் கண்டுகொண்டது. என்னுடைய பழைய கைலியைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து ஒவ்வொரு காய்க்கும் கட்டினாள். அணில் பையோடு சேர்த்துக் கடித்தது. கடைசியில் ஒரே ஒரு காய் முற்றியது.

அதைப் பறித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். ஒரு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்மா தொழுதுவிட்டு வந்த பிறகு நால்வருமாக உட்கார்ந்து அறுத்தோம். உள்ளே பழுதில்லாமல் இருந்தது. எனக்கு அந்த வழவழப்பு பிடிக்கவில்லை. பெண்கள் சர்க்கரையை மட்டும் நக்கினார்கள். அவள் தன் பங்கையும் எங்கள் பங்கையும் சேர்த்து நிதானமாகச் சாப்பிட்டாள். அத்தா வீட்டுப் பழம் மாதிரியேதான் இருக்கிறது என்றாள். அன்று முழுக்க அவள் குரலில் வேறு ஒரு தெம்பு இருந்தது. அந்த மரத்தால் அவள் கண்ட சந்தோஷம் அந்த ஒரு நாள்தான்.

அதே வருஷத்தில்தான் ஷாப்பில் புதுக் குழி வெட்டினார்கள். தோல் எங்களுக்கு உப்புப் போட்டுத்தான் வந்து இறங்கும். முதல் வேலை அதைத் தொட்டியில் ஊறவைத்து உப்பையும் ரத்தத்தையும் கழுவுவது. அந்தத் தண்ணீர் போய் விழுகிற பழைய குழி நிரம்பி வழிந்தது. சரக்கு கூடிவிட்டதால் இன்னொன்று வேண்டும் என்றார் முதலாளி. ஷெட்டுக்குப் பின்னால், எங்கள் தெருப் பக்கம்தான் காலி இடம். ஆட்களை வைத்து வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். நின்றேன். அடியில் சுக்கான் பாறை வரும் என்று நினைத்தோம். மண்தான் வந்தது. ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடுகிறது, நல்ல குழி என்று எல்லோருக்கும் திருப்தி.

அடுத்த மழைக்காலம் கழிந்து ஒரு விடிகாலை, சுபுஹுத் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய வாளியில் நீர் இறைத்து வாய் கொப்பளித்தேன். நாக்கில் லேசாக உப்புக் கரித்தது. இன்னொரு முறை கொப்பளித்துப் பார்த்தேன். எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் அதன் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா? குடிக்கவும் சமைக்கவும் தெருக் குழாயில்தான் பிடிப்போம். கிணற்று நீர் குளிக்க, துவைக்க, மரத்துக்கு. அதனால் வீட்டில் வேறு யாரும் உடனே கண்டுகொள்ளவில்லை.

கோடை தொடங்கியதும் அவளே கேட்டாள். துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "ஏங்க, சோப்பு நொரைக்கவே மாட்டேங்குது. தண்ணி ஒரு மாதிரியா இருக்குல்ல?" என்றாள்.

"கோடைல கெணறு கீழ போனா அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அவளிடம் சொன்னால் வேலை எப்படிப் போகும்? குழி வெட்டும்போது நான்தான் நின்றேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று சொல்லாததால் மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அந்த வருஷம் மரத்தில் இலை நுனிகள் கருகத் தொடங்கின. நுனியில் தொடங்கி, ஓரத்தோடு இறங்கி, செங்கல் நிறத்தில் காய்ந்தன. அவள் அதைப் பூச்சி என்று எடுத்துக்கொண்டாள். எட்டு வருஷமாகப் பூச்சியோடு மல்லுக்கட்டியவள் வேறு எதை நினைப்பாள்? இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மாவுப்பூச்சி எங்காவது நாலு இருக்கத்தான் செய்தது. மலேரியாவுக்குச் சுவரில் மருந்து அடிக்க வருகிறவர்களிடம் கேட்டுக் கொஞ்சம் டி.டி.டி. வாங்கித் தூவினாள். எறும்பு ஏறாமல் இருக்க அடிமரத்தில் வேப்பெண்ணெய்த் துணியைச் சுற்றினாள். புழு அரிப்பதால் தெம்பில்லை, இன்னும் நிறையத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி, காலையில் நாலு வாளி ஊற்றினவள் எட்டு வாளி ஊற்றினாள். அந்த எட்டு வாளியையும் பல நாள் நானே இறைத்துக் கொடுத்தேன்.

புகையிலைத் தண்டை ஊறவைத்துத் தெளித்தால் எந்தப் பூச்சியும் நிற்காது என்று யாரோ அவளிடம் சொன்னார்கள். எங்கள் ஊரில் சுருட்டுக் கொட்டகைகளுக்குப் பஞ்சமில்லை. வாங்கிவரச் சொன்னாள். ஒரு சாக்கு நிறையத் தண்டு கொண்டுவந்தேன். அண்டாவில் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, ஏணியில் ஏறி ஈர்க்கு விளக்குமாற்றால் இலை இலையாகத் தெளித்தாள். மேலே பார்த்துத் தெளித்ததில் முகத்திலும் கையிலும் வழிந்தது. இறங்கியவளுக்குத் தலை சுற்றி, ஒரு பகல் முழுக்க வாந்தி எடுத்தாள். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் தெளிந்ததும், நல்ல காரமான தண்டாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறீர்கள், இனிப் பூச்சி நிற்காது என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எலுமிச்சம்பழம் பிழிந்து தண்ணீர் கொடுத்தேன்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. புகையிலைத் தண்டு நாலு முறை வாங்கி வந்தேன். மரம் பூப்பதை நிறுத்திவிட்டது. உச்சிக் கிளைகள் மொட்டையாகின. நிழல் போனதும் பட்டையை வெயில் நேராகச் சுட்டு வெடிக்க வைத்தது.

என் மாமனார் வருஷத்துக்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வருவார். மகள் கடிதத்தில் மரத்தைப் பற்றியே எழுதுகிறாளே என்று அந்த முறை ஒரு தோட்ட மேஸ்திரியையும் கூட்டிவந்தார். முப்பது வருஷமாகக் காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் நடுவிலேயே கிடந்த மனிதர். அவர் மரத்தைச் சுற்றி வந்தார், ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்தார், அடி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். வெள்ளையாகப் பூத்திருந்தது. பிறகு ஒரு வாளி இறைக்கச் சொல்லி, உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்துத் துப்பினார்.

"இது பூச்சி இல்ல தாயி. உப்பு. இந்தத் தண்ணிய ஊத்துனா வெண்ணெப்பழம் தாங்காது. ஊத்த ஊத்தச் சாகும்."

அவள் மேஸ்திரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.  அத்தாவும் மேஸ்திரியும் சாப்பிட்டு, பஸ் ஏறிப் போனார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பாத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"நீ சோப்பு நொரைக்கலைன்னு கேட்டியே, அதுக்கு முன்னாடியே."

குழியைப் பற்றியும் சொன்னேன். வெட்டும்போது நான் நின்றதையும் சொன்னேன்.  கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். நிஜமாகவே புரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அப்ப எதுக்குப் பொகையிலத் தண்டு வாங்கிட்டு வந்தீங்க?"

 

மறுநாள் முதலாளியிடம் போய்க் குழியை மூடிவிட்டு வேறு பக்கம் தண்ணீரை விட முடியுமா என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார். எந்தப் பக்கம் விடுவது, நீயே சொல்லு என்றார். கிழக்கே விட்டால் ஒரு தெரு, மேற்கே விட்டால் வயல். எழுபது பேர் வேலை செய்கிற இடத்தை ஒரு மரத்துக்காக நிறுத்தச் சொல்கிறாயா என்று கேட்டார். நான் எழுந்து போய்த் தோல் அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

தெருக் குழாயிலிருந்து குடம் குடமாக மரத்துக்குச் சுமந்து ஊற்றினேன். கோடை வந்ததும் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. குடிக்கவே இல்லாதபோது மரத்துக்கு ஊற்றுகிறானே என்று வரிசையில் நின்ற பெண்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன். அதற்குள் மண் முழுக்க உப்பாகியிருந்தது. அவள் அந்தக் குடங்களைத் தொடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ஆடிக் காற்றில் பெரிய கிளை ஒன்று முறிந்து துவைக்கிற கல்லின் மேல் விழுந்தது. ஆளைக் கூப்பிட்டு மரத்தை வெட்டினோம். விறகுக்குக்கூட ஆகாத மெத்தென்ற மரம். அடுப்பில் புகைந்ததே தவிர எரியவில்லை.

அவள் வீட்டு வேலைகளை எப்போதும் போலச் செய்தாள். எனக்குச் சோறு போட்டாள், பெண்களைப் படிக்க வைத்தாள், பெருநாளைக்குப் பிரியாணி செய்தாள். என்னிடம் எதையும் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அரிசி நன்றாக இருக்கிறதா, இந்தத் துணி சாயம் போகுமா, நாளைக்கு மழை வருமா, இப்படி ஒரு நாளைக்கு ஒரு மனைவி புருஷனிடம் கேட்கிற பத்து இருபது கேள்விகள் இருக்கும் அல்லவா, அவை நின்றுபோன பிறகுதான் அவை இருந்ததே எனக்குத் தெரிந்தது. வேண்டியதைப் பெண்களிடமோ பக்கத்து வீட்டிலோ கேட்டுக்கொண்டாள். நான் அதே ஷாப்பில் அதே வேலையில் இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்காவின் தென்னையில் கீற்று மஞ்சளாகத் தொங்க ஆரம்பித்தது. குரும்பை நிற்காமல் கொட்டியது. புருஷனை இழந்தவர். அந்த ஒரு தென்னையைத்தான் கொல்லையில் வைத்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் சுவரோரம் வந்து நின்று, வண்டு விழுந்திருக்குமோ, குருத்தில் மணலும் வேப்பம்புண்ணாக்கும் வைத்துப் பார்க்கட்டுமா என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் வந்துவிட்டாள்.

"வண்டு இல்லக்கா. தண்ணி. தோல் ஷாப்புத் தண்ணி கெணத்துக்கு வந்துருச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"அப்ப அதுக்கு என்ன செய்றது?"

"ஒண்ணும் செய்ய முடியாதுக்கா. ஊத்துனாலும் போகும், ஊத்தாட்டியும் போகும்."

அக்கா சரி என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, அக்கா தன் கொல்லைக் கிணற்றில் வாளியை விட்டு இறைத்துத் தென்னைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.