கருதுகோளுக்குப் பெண் பார்த்த கதை

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைக்குள் போகச் செருப்பைக் கழற்றி வெளியே விட வேண்டும். ஆண்டாள் கோயிலுக்கும் அப்படித்தான். கோயிலில் சாமியைத் தொட விடமாட்டார்கள் என்று தெரிந்தே போகிறோம். இங்கே ஃபீஸ் கட்டிவிட்டுப் போயும் தொட விடமாட்டார்கள். தூசி பட்டால் கெட்டுவிடுமாம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தால் தொட்டுப் பார்க்கலாம் என்று நானும் காத்திருந்தேன்.

கடைசி வருடம் ஆய்வு முறையியல் என்று ஒரு தாளைச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடாமலே கம்ப்யூட்டர் பட்டம் வாங்க யாரோ கண்டுபிடித்த வழி. பாடம் எடுத்தவர் எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், ஆய்வு எதுவும் செய்தவரில்லை. கையில் ஒரு வெளிநாட்டுப் புத்தகம். அதில் எல்லா உதாரணமும் அமெரிக்க இல்லத்தரசிகள் சோப்பு வாங்குவதைப் பற்றியது. வருடம் முடிவதற்குள் அந்த அம்மாக்களின் குளியல் எங்களுக்கு அத்துப்படியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டு ஒழுங்கான பதில் வாங்க மட்டும் ஒருவனுக்கும் தெரியாது.

எனக்கு மெட்ராஸில் ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார்கள், எல்லாத் தாளிலும் ஒரே தடவையில் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு. மற்ற தாள்களில் பயமில்லை. இந்தத் தாளுக்குத் தர வேண்டிய ஆய்வறிக்கையும் நேர்காணலும்தான் தொண்டையில் முள். தவறினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தாய்மாமாவின் ஜவுளிக்கடை. ரவிக்கைத் துணி கிழிப்பதற்கு எனக்கென்று ஒரு ஸ்டூல்கூட ஒதுக்கியாகிவிட்டது. மாமா அதில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை.

தலைப்பு சொல்லப் போனபோது, பாடம் எடுத்த அதே ஆசிரியர் கருதுகோளையும் கையோடு எழுதிக் கொடுத்தார். இராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி நெசவுக்கூடங்கள் கம்ப்யூட்டரை வரவேற்கத் தயாராக இருக்கின்றன. இது உண்மையா சார் என்று கேட்டேன்.

“முடிவ மொதல்ல எழுதிருப்பா. டேட்டா பொறவு தானா வரும்” என்றார்.

ஆய்வாளர் முன்பின் தெரியாதவராக, கண்ணியமான தோற்றத்துடன் இருக்க வேண்டும் என்றது புத்தகம். ஆய்வுக்கு நான் தேர்ந்தெடுத்த இராஜபாளையத்துத் தெருவில் பாதிப் பேர் மாமாவுக்குத் தூரத்துச் சொந்தம். என்னை அவர்களுக்கு முகம் தெரியாது. மாமா பேரை எடுக்காமலே போவது என்று முடிவு செய்தேன். கண்ணியத்துக்கு நண்பனிடம் ஷூ இரவல் வாங்கினேன். அது என் காலைவிடப் பெரியது. சட்டையைப் பேண்டுக்குள் செருகி, கக்கத்தில் ஃபைலை இடுக்கி, டக் டக்கென்று தெருவுக்குள் நடந்தேன்.

நான் நடக்க நடக்கத் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டே வந்தது. நடுத்தெருவுக்கு வந்தபோது என் ஷூ சத்தம் மட்டும்தான் கேட்டது. மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோலத்தில் அந்தத் தெருவுக்குள் வருகிறவர் விற்பனை வரி அதிகாரி ஒருவர்தான்.

முதல் கூடத்தின் முதலாளி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைச் ‘சார்’ என்றார். தந்தை வயது. எத்தனை தறி ஓடுகிறது என்று கேட்டேன்.

“எங்க சார் ஓடுது? கரண்டே இல்ல.”

அவர் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். பதிலளிப்பவரைக் குறுக்கிடக் கூடாது என்றது புத்தகம்.

போன இடமெல்லாம் இதே பாட்டு. ஆளில்லை, நூலில்லை, எல்லாம் நட்டம். கம்ப்யூட்டரா, பல்பு மாற்றவே வழியில்லை. ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். முதலாமவரின் வெள்ளை நாய் மட்டும் தெருமுனைவரை குரைத்துக்கொண்டே வந்து வழியனுப்பியது.

ஆசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டு, கருதுகோள் செத்துப்போச்சே என்று துக்கம் விசாரிப்பதுபோல் சொன்னார். நீ போன முறை சரியில்லை, திரும்பப் போ, பதிலளிப்பவர்களுக்குச் சிறு அன்பளிப்பு கொடுத்தால் ஒத்துழைப்பார்கள் என்று புத்தகத்தில் இடம் காட்டினார். அமெரிக்காவில் அதற்குப் பென்சில் கொடுக்கிறார்களாம். எங்கள் ஊரில் கொடுப்பதற்குப் பால்கோவாவை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

விஷயத்தைக் கேட்ட மாமா தானும் வருவதாகக் கிளம்பினார். ஷூவைக் கழற்றி எறியச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வெள்ளை வேட்டியில் முன்னால், நான் பால்கோவா டப்பாக்களுடன் பின்னால், பஸ் ஏறி இராஜபாளையத்தில் இறங்கினோம். தாய்மாமன், கல்யாண வயதில் ஒரு பையன், கையில் இனிப்பு. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆய்வு முறையியல் படித்த எனக்குத் தெரியவில்லை.

அதே முதல் கூடம், அதே நாயின் குரைப்பு. முதலாளி டப்பாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

“அன்னைக்கு வந்தது நம்ம பிள்ளதானா? சொல்லாமக் கொள்ளாம வந்து வசதியப் பாத்துட்டுப் போயிருக்கிய” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, உள்ளே திரும்பிக் காப்பி போடச் சொன்னார்.

நான் ஆய்வு என்று வாயைத் திறந்தேன். மாமா என் முழங்கையைக் கிள்ளினார். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தறி எம்புட்டு, ஆள் எம்புட்டு என்று அவரே சொல்லிக்கொண்டே போனார். பின்கட்டில் புதுக் கட்டடமாம். போன தடவை கரண்டில்லாத இடத்தில் இப்போது ஜெனரேட்டரே இருந்தது. கம்ப்யூட்டர் வாங்கும் எண்ணம் உண்டா என்றதற்கு, மூலையில் மஞ்சள் துணி போர்த்திய எதையோ காட்டி, வாங்கியே ஆகிவிட்டது, தூசி படும் என்று திறப்பதில்லை என்றார். எங்கள் கல்லூரியும் அப்படித்தானே, நம்பிவிட்டேன். உள்ளிருந்து ஒரு பெண் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தையல் மிஷினுக்கு எதுக்குப்பா இந்தப் போர்வை என்று அவரிடமே கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் தெருவிலேயே ஆய்வுக்குத் தகுதியான ஆள் அவள்தான். என் பட்டியலில் அவள் இல்லை.

மற்ற வீடுகளிலும் வடை, கேசரி, செழிப்பு. கண்ணைத் துடைத்தவர் மகளுக்குக் கார் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

பஸ்ஸில் மாமா பற்ற வைக்காத பீடியை வாயில் வைத்துச் சிரித்தார். “ஏலே மருமவனே, ஆராய்ச்சி நல்ல தொழிலா இருக்கே. அடுத்த ஞாயித்துக்கெழம எந்தத் தெரு?”

இப்போது என்னிடம் இரண்டு தெருக்கள் இருந்தன. ஒன்றில் எல்லோரும் பிச்சைக்காரர்கள், இன்னொன்றில் எல்லோரும் ஜமீன்தார்கள். இரண்டிலும் ஆட்கள் ஒன்றே. ஆசிரியர் முகம் மலர, இரண்டாவதை மட்டும் போடு, முதலாவதை மறந்துவிடு என்றார். கருதுகோள் பிழைத்து எழுந்து உட்கார்ந்தது. அறிக்கை பைண்டு செய்து, கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்து பதித்துப் போய்ச் சேர்ந்தது.

நேர்காணலுக்கு மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பக்கத்தில் என் ஆசிரியர். பேராசிரியர் அறிக்கையைப் பார்த்தார், அட்டவணைகளைப் பார்த்தார். எல்லோரும் தயாராக இருக்கிறார்களே தம்பி, இதே ஆட்களிடம் இன்னொரு தடவை கேட்டால் இதே பதில் வருமா என்றார்.

என் ஆசிரியர் அவசரமாக ஃபேனைப் பார்த்தார். வரும் சார் என்றால் மெட்ராஸ். ஆனால் பேராசிரியரைப் பார்த்தால் அடுத்த கேள்வியும் வைத்திருப்பவர்போல் தெரிந்தது. பொய்க்குப் பொய் முட்டுக் கொடுக்கும் திறமை எனக்குப் போதாது. ஸ்டூல் கண்ணுக்குத் தெரிந்தது. ஷூவிலிருந்து தையல் மிஷின்வரை கொட்டிவிட்டேன்.

அவர் அறிக்கையை மூடி வைத்தார். பிறகு, ரெண்டு தடவையும் ஒரே பதில் சொன்னவர் யாருமே இல்லையா என்று கேட்டார்.

“ஒரு நாய் இருந்திச்சு சார். ரெண்டு தடவையும் கொரைச்சிச்சு.”

மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்த நாயைத்தான் நீ பின்னிணைப்பில் போட்டிருக்க வேண்டும் என்றார். மதிப்பெண் தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். தலைகீழாக இருந்தாலும் எண் தெரிந்தது. தேறிவிட்டேன்.

நான் எழுந்தபோது பேனாவை மூடிக்கொண்டே உட்காரச் சொன்னார். அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், மெட்ராஸ் வேலை நிச்சயம்தானா என்று வரிசையாகக் கேட்டார். அவர் முன்னால், வெளியூர்த் தேர்வாளர்களுக்கு எங்கள் கல்லூரி வழக்கமாகத் தரும் பால்கோவா டப்பா இருந்தது.

“சொந்த வீடா தம்பி?”

எங்கள் வீடு ஓட்டு வீடு. மழைக்கு அங்கங்கே பாத்திரம் வைப்போம். நான் டப்பாவைப் பார்த்தேன்.

“ஆமா சார்” என்றேன். “மாடி எடுத்துக்கிட்டிருக்கோம்.”