கருங்குழி வரைக்கும் மாற்றிக்கொண்ட வண்டி

போன வருடம் பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. மாமல்லபுரத்துக்குள் நுழையும் இடத்தில், நாங்கள் வழக்கமாக நாஸ்தா சாப்பிடும் ஓட்டல் வாசல். அங்கேதான் முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் என் பைக் சாவியைக் கொடுத்துவிட்டு, அவருடைய பைக் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். கொடுத்த உனக்கும் புத்தி இல்லை, வாங்கிய அந்த ஆளுக்கும் புத்தி இல்லை என்று என் தங்கை இன்று வரைக்கும் சொல்கிறாள். சொல்லட்டும்.

நான் கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். ஸ்டாஃப் பஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஆனாலும் வேலைக்குப் பைக்கில்தான் போவேன். கல்யாணத்துக்கு முன்பே ஓட்டக் கற்றுக்கொண்டவள். அதுவரைக்கும் மூன்று பைக் மாற்றியிருந்தேன், மூன்றும் ஒரே கம்பெனி. கனமான வண்டி, தாழ்வான சீட்டு, தெருமுனையில் வரும்போதே அடுப்படி வரைக்கும் கேட்கிற சத்தம். அந்தக் கம்பெனி வண்டிக்காரர்களுக்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு குழு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஈ.சி.ஆரில் வரிசையாகக் கிளம்பி, மாமல்லபுரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வேறு கம்பெனி வண்டியில் யாராவது ஆசைப்பட்டு வந்தால் வரலாம், ஆனால் வரிசையில் கடைசியாகத்தான் வர வேண்டும். வரிசையை முன்னால் நடத்திக்கொண்டு போகிறவர்களில் அப்போது நானும் ஒருத்தி. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

என் வீட்டுக்காரரும் நன்றாக ஓட்டுவார். என்னைவிட நன்றாக ஓட்டுவார் என்பது அவருடைய கருத்து. அந்தப் பொங்கலுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் முதுகில் டிஸ்க் நகர்ந்து அவருக்கு ஆபரேஷன் ஆனது. இனி பைக் ஓட்ட வேண்டாம், பின்னால் உட்கார்ந்து போகலாம், குலுக்கல் அதிகம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் என் பின்சீட்டுக்கு வந்தார்.

எங்கள் இரண்டு பேருக்கும் நீண்ட நாள் ஆசை ஒன்று இருந்தது. குஜராத்தில் கட்ச் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையாக உப்பு பரந்து கிடக்குமாம், அதைப் பைக்கிலேயே போய்ப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு வண்டியில் என்று போட்ட திட்டம், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே வண்டியில் என்று ஆனது. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போவது என்ற பேச்சே கிடையாது. இரண்டு பேரும் பெட்டியும் ஏறி அவ்வளவு தூரம் போக வேண்டுமே, நல்ல டூரிங் வண்டியாக எடுக்கலாம் என்று தேடியபோதுதான் வேறு கம்பெனி வண்டி ஒன்று கண்ணில் பட்டது.

செங்கல்பட்டில் ஒரு ஷோரூமுக்குப் போய் ஓட்டியும் பார்த்தேன். வாசலில் இருந்து யூ-டர்ன் வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குப் பெயர் டெஸ்ட் டிரைவ். பின்னால் சேல்ஸ்மேன் உட்கார்ந்து மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். வண்டி பிடித்திருந்தது, உயரம் பிடிக்கவில்லை. நான் குள்ளம் என்று யாரும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படவில்லை. விஷயம் குழுவுக்குத் தெரிந்ததும் கிண்டல் ஆரம்பித்துவிட்டது. கட்சி மாறப் போகிறாள் என்றார்கள். எலெக்ஷன் நேரத்தில் மாறினாலாவது ஏதாவது சீட்டு கிடைக்கும் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டார். வீட்டுக்காரரைக் கேட்டால், ஓட்டப் போகிறவள் நீ, உனக்கு எது தோதோ அதை எடு என்று முடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவினர் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் மட்டும் பின்தங்கினோம், ஏனென்றால் இவருக்கு இன்னொரு டீ வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இவருக்கு டீப் பைத்தியம் பிடித்திருந்தது. எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்துக்கு ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்வார். டீக்கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து உங்களுக்குச் சிலை வைக்கப் போகிறார்கள் என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே நின்றபடி டீ குடிப்பார்.

அவர் குடித்து முடிக்கட்டும் என்று வெளியே வந்தால், நான் ஷோரூமில் ஓட்டிப் பார்த்த அதே வண்டி என் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. சும்மா இருக்க முடியுமா? சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் என் வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கருங்குழியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறாராம். கூட அவர் மனைவி. என்னைவிடக் குள்ளம், அதை நான் சந்தோஷமாகவே கவனித்தேன். பேசியதில் விஷயம் வெளியே வந்தது. அந்த உயரமான வண்டியில் ஏறி இறங்க அந்த அம்மா படாதபாடு படுகிறாராம், அதனால் அதை விற்றுவிட்டு எங்கள் கம்பெனி வண்டிக்கு மாறலாமா என்று அவர் யோசிக்கிறாராம்.

"நீங்க எங்குதுக்கு மாறப் பாக்குறீங்க, நான் உங்குதுக்கு மாறப் பாத்துகினு கீறேன்" என்றார். "இன்னாத்துக்கு ரோசனை? கருங்குழி வரிக்கும் மாத்திக்கலாம். நீங்க அண்ணாத்தய குந்த வெச்சிகினு இத எடுத்துகினு வாங்க. நான் இவள குந்த வெச்சிகினு அத எடுத்துகினு வரேன்."

அதற்குள் டீ குடித்துவிட்டு வெளியே வந்திருந்த என் வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். வண்டிக்காரர்கள் சொந்த அண்ணன் தம்பிக்குக்கூட வண்டியைக் கொடுக்க யோசிப்பார்கள். நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாதே என்று நான் நேராகவே கேட்டேன்.

"எனக்குந்தான் உங்கள தெரியாது" என்று சொல்லிச் சாவியை நீட்டினார்.

நானும் என் சாவியை நீட்டினேன். போன் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கருங்குழி. எனக்குத் தண்ணீர் பட்ட பாடான ரோடு. ஊரைத் தாண்டியதும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. நானும் பிரேக் பிடித்து வலது காலை ஊன்றினேன். கால் வைத்த இடத்தில் பள்ளம். வண்டி சாய ஆரம்பித்துவிட்டது. அந்த ஒரு நொடியில் வண்டிக்காரரின் ஞாபகமோ கீறல் ஞாபகமோ எனக்கு வரவில்லை. பின்னால் இருக்கிற முதுகு கீழே விழப் போகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. சீட்டில் இருந்து பாதி உடம்பை இறக்கி, தொடையால் வண்டியைத் தாங்கி, எப்படியோ நிமிர்த்திவிட்டேன். அவர் கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பதறி அசைந்திருந்தால் இரண்டு பேரும் விழுந்திருப்போம்.

இந்த வண்டி நமக்கு ஆகாது, நம் பழைய கம்பெனியே போதும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். கட்சி மாறவில்லை என்று குழுவில் எப்படிப் பெருமையாகச் சொல்வது என்பதுகூட மனசில் ஓடியது.

ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் வீட்டுக்காரரின் வழக்கமான டீக்கடை வந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தவறாமல் நிறுத்தும் கடை. கேட்காமலேயே வேகத்தைக் குறைத்தேன். ஏன் குறைக்கிறாய் என்று பின்னால் இருந்து கேட்டார். டீ என்றேன். வேண்டாம், போ என்றார். சரி, விழப் பார்த்த பயத்தில் டீ இறங்காது போல என்று நினைத்துக்கொண்டேன். செங்கல்பட்டு வந்தது. அங்கேயும் நிறுத்தவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினோம். அவர் பேச ஆரம்பித்தார். கியரை ஏன் இப்படித் தாமதமாக மாற்றுகிறாய், லாரிக்குப் பின்னால் ஏன் இவ்வளவு ஒட்டிப் போகிறாய் என்று ஒவ்வொன்றாகக் குறை சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் எப்போதாவது என் பின்னால் உட்கார்ந்தால் இப்படித்தான் உயிரை வாங்குவார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. மனுஷன் திருந்திவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

பாலாற்றுப் பாலம் தாண்டும்போது ஆற்றைப் பார்த்து ஏதோ பாட்டு முணுமுணுத்தார். அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. டீ வேண்டாம் என்கிறார், வாய் ஓயாமல் பேசுகிறார், பாடுகிறார். இரண்டு வருடமாக இவர் டீக்கு ஆசைப்பட்டா நிறுத்தச் சொன்னார்? நின்றபடியே குடித்தாரே தவிர, ஒரு நாளாவது பெஞ்சில் உட்கார்ந்து குடித்தாரா? குளிர்ந்த தண்ணீரைத் தலையில் கொட்டிய மாதிரி இருந்தது.

படாளம் பக்கம் ஒரு மரநிழலில் ஓரம் கட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, நம் வண்டியில் உங்களுக்கு வலிக்கிறதா என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். நான் விடவில்லை. எந்த வண்டியிலும் கொஞ்சம் வலிக்கும் என்றார். இந்த வண்டியில் என்று கேட்டேன். இதில் இல்லை என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இரண்டு வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்திவிட்டேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா டூர் வேணாம்னுடுவ" என்றார் மெதுவாக. "வூட்ல குந்திகினு கெடக்கறதுக்கு அந்த வலி தேவல."

கோபம் அப்படியே அழுகையாக மாறிவிட்டது. ரோட்டில் அழுதால் நன்றாக இருக்காது என்று ஹெல்மெட்டை மறுபடியும் மாட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே அழுது முடித்தேன். என் பழைய வண்டியை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ பேர் அதில் காஷ்மீர் வரைக்கும் போய் வருகிறார்கள். இவருடைய முதுகுக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். புது வண்டி உயரமாக இருக்கிறது என்பது என் கஷ்டம். ஓட்டி ஓட்டிப் பழகிவிடலாம். இவர் எதற்கு வலியைப் பழகிக்கொள்ள வேண்டும்? மரத்தடியிலேயே முடிவு மாறிவிட்டது.

கருங்குழியில் அவர்கள் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து, கடை வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தாமதமானதில் பயந்துபோயிருப்பார்கள் என்று நினைத்தேன். கடைக்காரர் முகத்தில் பயம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. என் வண்டி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஆனால் எந்த அம்மாவுக்காக மாற நினைத்தாரோ அந்த அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"ஏறுறது கஷ்டந்தான். ஆனா ஏறிக் குந்திட்டா பாலாறு தெரியும்" என்றார் அந்த அம்மா. "உங்க வண்டில போனா பாலத்துச் செவுருதான் தெரியுது. நான் இன்னாத்த பாத்துகினு போறது?"

நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். அந்தக் கருங்குழிக்காரர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு என் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வண்டிக்காரர்களும் ஆயிரம் வீடியோ பார்த்து, ஆயிரம் பேரிடம் விசாரித்து வைத்திருந்தோம். பின்னால் உட்கார்கிறவர்களை மட்டும் இரண்டு பேருமே உருப்படியாகக் கேட்கவில்லை.

கல்பாக்கத்துக்குப் பழைய வண்டியில்தான் திரும்ப வேண்டியிருந்தது. அவர் கேட்காமலேயே வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினேன். டீ வேண்டாம் என்றார். எனக்கு வேண்டும் என்று சொல்லி அவரை இறக்கி நடக்க வைத்தேன்.

அந்த மாதமே புது வண்டி எடுத்துவிட்டோம். ஒரு காலை ஊன்றி நிறுத்தும் வித்தையும் கைவந்துவிட்டது. உப்புத் தரையையும் இரண்டு பேராகப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். போக வர இவர் குறை சொன்னதை எல்லாம் எழுதினால் தனிப் புத்தகம் போட வேண்டும். குழுவில் இப்போது வரிசையில் என் வண்டிதான் கடைசி. வழக்கத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

புது வண்டியின் கைப்பிடியில் கூடுதலாக ஒரு சின்ன வட்டக் கண்ணாடி பொருத்தியிருக்கிறேன். அது தப்பாகத் திரும்பியிருக்கிறது, அதில் ரோடே தெரியாது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் திருப்பிவிட வருகிறார்கள். தொட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பின்னால் வருகிற லாரியையும் பஸ்ஸையும் பெரிய கண்ணாடியில் ஒன்றுவிடாமல் பார்த்துத்தான் அந்த இரண்டு வருடமும் ஓட்டினேன்; ஒரு சாண் தூரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகத்தைத்தான் பார்க்கவில்லை, இனி அந்த முகத்தைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட மாட்டேன்.