ஹை என்றால் இருக்கேன்

மலாயாவில், குருண் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த சீனிவாசகத்தின் மகள் சண்முகவள்ளிக்கு மனசைப் பற்றிப் படிக்க ஆசை. பல் வலித்தால் பல் பிடுங்க ஆள் இருக்கிறது, மனசு நொந்தால் மட்டும் ஏன் பூசாரியைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்பாள். பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிச்சையம்மாள் கைக்குழந்தையைப் பறிகொடுத்த பிறகும் வெறும் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பேய் என்று வேப்பிலையால் அடித்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து வந்த ஆசை அது.

சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு உயிரியல் எடுப்பது, அப்படியே மேலே போவது என்று நினைத்திருந்தாள். அதற்குள் ஜப்பான்காரன் வந்தான். இங்கிலீஷ் பள்ளியை மூடினான். அப்புறம் கொடியை மாற்றித் திறந்தான். கடைசி வருசப் பிள்ளைகளுக்கு இரண்டே வகுப்பு: காயத்துக்குக் கட்டுப்போடுவது ஒன்று, நிப்பொன்கோ என்கிற ஜப்பான் மொழி இன்னொன்று.

"கட்டுப் போடக் கத்துக்கம்மா. நாளைக்கு நாலு பேருக்கு உதவும்" என்றார் அப்பா.

"நிப்பொன்கோவுல முதலா வர்றவங்கள ஷோனான்ல டாக்டருக்குப் படிக்க அனுப்புவாங்களாம்ப்பா. அங்க போயிட்டா மனசப் பத்தியும் படிக்கலாம்."

"சிங்கப்பூர்னு சொல்லு. பேரை மாத்துனா ஊரு நகர்ந்துடுமா?"

முணுமுணுத்தாலும் தடுக்கவில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு தின்ற அந்தக் காலத்தில், அந்த மொழியைப் பசியை மறக்கிற வெறியோடு படித்தாள்.

கடைசிப் பரீட்சை வகுப்பில் நடக்கவில்லை. பாடம் நடத்திய ஜப்பான் அதிகாரி அவளை லாரியில் ஏற்றிப் பிச்சையம்மாள் இருந்த தோட்டத்துக்கே கூட்டிப்போனார். சயாமில் ரயில்பாதை போட ஆள் வேண்டும். அவர் பேசப் பேச அவள் தமிழில் சொன்னாள்: "மனசு இருக்கிறவங்க மட்டும் வரலாம்."

தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர்களை வாசித்தார். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் அவன் மொழியில் 'ஹை' என்று சொல்ல வேண்டும். சொல்லாதவன் கன்னம் வீங்கும். ஜனங்களுக்கு அதற்கு அர்த்தம் 'இருக்கேங்க', அவ்வளவுதான். அதிகாரிக்கு அது 'சம்மதம்'.

"இருளப்பன்."

"ஹை" என்றான் பிச்சையம்மாளின் புருசன், வழக்கம்போல. கடைக்காரர் மகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். சிப்பாய் அவனை லாரிப் பக்கம் தள்ளினான்.

சண்முகவள்ளிக்குப் புரிந்துவிட்டது. அதிகாரியிடம் திரும்பி, மரியாதைச் சொல் ஒன்றும் குறையாமல் ஜப்பான் மொழியில் சொன்னாள்: "ஐயா, இவர்கள் இங்கே இருப்பதாக மட்டுமே சொன்னார்கள். வருவதாகச் சொல்லவில்லை."

அவர் தலை சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "அருமை. ஒரு விகுதிகூடப் பிசகவில்லை" என்றார். கிராணியை மேலே வாசிக்கச் சொன்னார்.

லாரி கிளம்பும்போது பிச்சையம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "மனசிருந்தா வான்னு நீதானே சொன்ன? இந்தாளுக்கு மனசில்லன்னு சொல்லக்கூடாதா?"

"சொன்னேன்க்கா."

"சொன்னியா? அந்த ஜப்பான்காரன் சிரிச்சானே."

முதல் இடம் சண்முகவள்ளிக்குத்தான் வந்தது. சிங்கப்பூருக்குப் போனவன் இரண்டாவதாக வந்த அய்யாவு. "இவ்வளவு நன்றாகப் பேசுகிறவளைப் படிக்க அனுப்பி வீணாக்குவதா?" என்று அதிகாரி கேட்டார். மறுவாரமே பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டு ஆள் வந்தது. வரமாட்டாள் என்று சொல்ல அப்பா வாசல்வரை போனார். துப்பாக்கியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அங்கே லாரி நின்றதும் அதிகாரிக்கு முன்னால் இறங்கி, வரிசையில் முதலில் நின்ற ராமையாவிடம் போனாள்.

"அண்ணே, பேரக் கூப்பிட்டா ஹை சொல்லாதீங்க. யாரும் வாயத் தொறக்காதீங்க."

ராமையா அவளைப் பார்த்தார். அவள் இறங்கி வந்த லாரியைப் பார்த்தார்.

"தொறக்கலைன்னா அறை விழும். அதப் பாக்கத்தான் வந்தியாம்மா?" என்றார். பின்னால் நின்றவர்களிடம், "ஜப்பான்காரன் லாரியில வந்த பொண்ணு. நம்மள மாட்டிவிடப் பாக்குது. நல்லாச் சத்தமாச் சொல்லுங்கடா" என்றார்.

கிராணி வாசிக்க ஆரம்பித்தார். வரிசை கடைசி ஆள்வரைக்கும், ஒருத்தர்கூட விடாமல், தொண்டை கிழிய ஹை சொன்னது.