என் முதுகை யார் உதைப்பது?

நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால்களை முதலில் நீட்டினேன். அதோடு என் பெருமைக்குத் தேவையான வேலை முடிந்துவிட்டது. கால் முன்னால் வந்து பிறந்தவர் மூன்று நாள் காலையில் மெல்ல உதைத்துவிட்டால் சுளுக்கு இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கும் சுளுக்கு வந்த அன்று தெரிந்துவிடும். நான் போலகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததே இந்தக் காலால்தான். பெண் பார்க்க வந்த மாமனார் கழுத்தைத் திருப்ப முடியாமல் கோணலாக உட்கார்ந்திருந்தார். பஜ்ஜியை முடித்ததும், "பாட்டெல்லாம் இருக்கட்டும்மா, இப்படி வந்து ஒரு உதை விடு" என்றார். பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு வருங்கால மாமனாரை உதைத்தேன். நிச்சயம் அன்றைக்கே முடிந்தது.

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குக் கிளார்க் வேலை. அங்கே என்னிடம் கேட்பதற்கு "அந்த ஃபைல் எங்க?" என்பதைத் தவிர யாருக்கும் ஒன்றும் கிடையாது. வீட்டில் அது "என் கண்ணாடி எங்க?" என்று மாறும், அவ்வளவுதான். ஆனால் காலை ஆறரை மணிக்கு என் வாசலுக்கு வந்து பாருங்கள். இரண்டு மூன்று பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை இறுக்கிக்கொண்டு, பயபக்தியோடு நிற்பார்கள். ஒரு பேங்க் மேனேஜர் காரில் வந்து, "மேடம், தயவு தாட்சண்யம் பாக்காம உதைங்க" என்று கும்பிட்டிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

போன வருடம் எனக்கே வலி வந்தது. வலது தோளில் ஆரம்பித்துக் கழுத்தில் ஏறிக் காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் மௌஸைப் பிடித்துப் பிடித்து வந்த வினை. தைலம், வெந்நீர், உப்பு ஒத்தடம் எதற்கும் மசியவில்லை. எட்டு மாதம் கையைத் தூக்க முடியாமல் என் கணவர்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். வைக்கோல் பிரி திரிப்பதுபோல் பின்னுவார். அலுவலகத்தில் "மேடம், புது ஸ்டைலா?" என்று கேட்டார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சுளுக்கெடுக்கிறவளுக்கே சுளுக்கு என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. வாசலில் யார் நிற்பார்கள்? வெறும் ஃபைல் தேடுகிறவளாக மிச்ச நாளை ஓட்ட வேண்டியதுதான். அதனால் வலியை மறைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உதைக்க வேண்டும். ஒருநாள் அப்படிப் பிடித்தபோது தோளில் சுரீரென்று இழுத்து, "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். உதை வாங்கியவர் பரவசமாகி, "என் வலிய நீங்க வாங்கிட்டீங்கக்கா!" என்று காலில் விழுந்தார்.

கடைசியில் கணவர்தான் டவுனில் ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்தார். வலிக்கிற சதையிலேயே ஊசி போடுவார்களாம். மாஸ்க்கும் தலையைச் சுற்றித் துப்பட்டாவுமாக ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. "எங்க வலிக்குது? தொட்டுக் காட்டுங்க" என்றார். காதுக்குப் பின்னால் காட்டினேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் தோள்பட்டையைக் கட்டைவிரலால் தேடத் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் காதுங்கிறேன், நீங்க தோள அமுக்குறீங்களே!"

அதே நொடியில் அவர் விரல் ஒரு முண்டின் மேல் அழுந்தியது. வலி ஒரே ஓட்டமாகக் காதுக்குப் பின்னால் போய் நின்றது.

"சதை இங்க முடிச்சுப் போட்டுக்கிட்டு கெடக்கும்மா. முடிச்சு ஒரு எடம், வலி ஒரு எடம். மரத்துப்போற மருந்த இந்த முடிச்சுல போட்டா தளர்ந்துடும்."

ஊசி இறங்கியதும் உள்ளே சதை கெளுத்தி மீன்போல ஒரு துள்ளு துள்ளியது. "துள்ளுச்சு பாத்தீங்களா, சரியான எடம்!" என்று டாக்டரம்மாவுக்கு என்னைவிடச் சந்தோஷம். கழுத்தைச் சாய்த்துச் செய்யும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். இதற்குமுன் என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உதைக்கிற கதையை அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஒரு வாரத்தில் கை காதுவரை எழும்பியது. இரண்டாவது ஊசிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மெதுவா குத்துங்க டாக்டரம்மா! போலகத்து அக்காட்ட உதையும் வாங்கிக்கிட்டுதான் இருக்கேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும், இது ஒரு பக்கம்."

பட்டினச்சேரித் தம்பி! வலை இழுத்து இழுத்து இடுப்பு போனவர், பன்னிரண்டு வருடமாக என் காலை நம்பியவர். என் காலுக்குத் துரோகமா? ஆத்திரத்தில் நான் இருக்கும் இடம் மறந்துபோய்த் திரையைச் சரக்கென்று இழுத்தேன். சட்டையில்லாமல் குப்புறக் கிடந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டரம்மா ஒரு கையால் அமுக்கிப் பிடித்தார்.

"யக்கா, கோவிச்சுக்காதீங்க யக்கா!"

"என்ன தம்பி கோவிச்சுக்காம இருக்கிறது? நம்பிக்கை இல்லேன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?" என்று நான் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தபோது நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, அடுத்த ஊசி உங்களுக்குத்தான். வந்து படுங்க."

நான் அவசரமாகக் கையால் தோளை மூடிக்கொண்டேன். தம்பி என்னைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடிப்போனது.

"அதானே! உங்க முதுக நீங்களே எப்படிக்கா உதைச்சுக்க முடியும்? இத்தன வருசமா ஊரையே உதைக்கிறீங்க. ஒங்கள உதைக்க ஒரு ஆளு இல்லையே!"

டாக்டரம்மா ஊசியைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிப்பில் குலுங்கினார். எனக்கு அழுகை வந்தது. எட்டு மாதமாகப் பயந்து பயந்து மறைத்தது இவ்வளவுக்குத்தானா? ஊசி வலிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கு அப்போது ஊசியே போடவில்லை.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தால் வாசலில் பதினோரு பேர். எல்லோரும் என்னிடம் உதை வாங்கியவர்கள். முன்னால் தம்பி நின்றார். அவருக்குப் பக்கத்தில் கருக்களாச்சேரியிலிருந்து ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை, அதன் காலில் கொலுசு.

"இதுவும் காலு முன்னால வந்த புள்ளைதாங்க்கா. தேடிப் புடிச்சிட்டோம். ஊசி பாட்டுக்கு ஊசி, இதுவும் நடக்கட்டும்."

என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் திருப்பி உட்கார வைத்தார்கள். அம்மா குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். முதல் உதை என் காதில். இரண்டாவது என் கணவரின் காபி டம்ளரில். மூன்றாவது காற்றில். தோளுக்குப் பக்கத்தில்கூட எதுவும் வரவில்லை. ஊசி போட்ட இடம் வேறு கனத்துக் கிடந்தது. பதினோரு பேரும் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்கள்.

"எப்படிக்கா இருக்கு?"

"சுத்தமா போயிடுச்சு" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தையின் அம்மா அதன் பாதத்தில் முத்தம் கொடுத்தாள். அந்த முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பதினோரு பேரும் இதே சொல்லை, இதே வேகத்தில், இப்படியே கையைத் தூக்கிக் காட்டி என்னிடம் சொன்னவர்கள். இவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே போயிருக்கும்? தம்பியைப் பார்த்தேன். அவர் சட்டென்று தரையைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவர்கள்மேல் தாங்க முடியாத பிரியம் வந்தது. புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

"சரி, வந்தது வந்துட்டீங்க. யாருக்கு உதை வேணும்?"

தம்பிதான் முதலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.