பின்மூடிக்குள் பத்தொன்பது குறிகள்

அம்மாவின் விரல்களில் எப்போதும் ‘ஸ்பிரிட்’ மணம் இருக்கும். அந்த மணமும், மணிக்கட்டின்மேல் வந்தமரும் அவ்விரல்களின் குளிர்ச்சியும், காதருகே கேட்கும் மெல்லிய கடிகார ஒலியும் சேர்ந்ததுதான் என் பிள்ளைப் பருவத்துக் காய்ச்சல். ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் செல்லும் வழியில், ஓர் எஸ்டேட்டின் சிறு மருத்துவமனையில் அம்மா செவிலியராக இருந்தார். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் ஒன்றை, அதன் முகம் உள்ளங்கைப் பக்கம் இருக்குமாறு கட்டியிருப்பார். நாடியைப் பிடித்தவாறே நொடிமுள்ளைப் பார்க்க அதுவே வசதி.

நாடி பார்க்கும் அந்த ஒரு நிமிடம் அம்மா வேறொருவராகிவிடுவார். கண் முள்ளைவிட்டு அகலாது. உதடு மட்டும் ஓசையின்றி எண்ணும். காப்பிச் செடிகளுக்கிடையே ஓயாது வம்பளக்கும் பெண்களும், அதட்டியே பழகிய, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ‘ரைட்டரும்’ அப்போது வாய் திறவார். ஒருமுறை காய்ச்சல் மயக்கத்தில் நான் எதையோ கேட்கப்போக, “பேசாத சாமி, எண்ணிக்கை தப்பிப்போவும்” என்றார். திருப்பலியில் மணி ஒலித்தபின் மாதா கோயிலில் சூழும் அமைதியைத் தவிர அதற்கு இணையாக வேறொன்றை நான் அறிந்ததில்லை.

அக்கடிகாரம் பசும்பொன் என்று பள்ளியில் சொல்லித் திரிந்தேன். அம்மாவைக் கேட்டால், “ஓடுதில்ல, அது போதும் கண்ணு” என்பதோடு சரி.

ஒரு மனக்குறை மட்டும் எனக்கு உண்டு. ஆண்டுதோறும் காப்பிப் பறிப்பு முடிந்தபின் ஒருநாள், முதல் பஸ்ஸில் தனியே சேலத்துக்கு இறங்கி, இருட்டும் வேளையில்தான் அம்மா ‘ஊடு’ திரும்புவார். என்னையும் தங்கையையும் அழைத்துச் செல்லமாட்டார். திரும்பும்போது கையில் ஒரு பொட்டலமும் இராது. கேட்டால், “சோலி இருந்துச்சு” என்பார். ஓட்டலில் உண்டு, சினிமாவும் பார்த்துவிட்டு வருகிறார் என்று நானே முடிவுகட்டினேன். பத்து வயதில் ஒருமுறை, அக்கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசாதிருந்தேன். அவர் காரணம் சொல்லவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை.

அம்மாவின் மறைவுக்குப் பின் அக்கடிகாரம் தங்கையின் பெட்டியில் நெடுங்காலம் கிடந்தது. பழைய சுவிஸ் கடிகாரங்கள் இலட்சக்கணக்கில் விலைபோவதை அவள் மகன் கைப்பேசியில் காட்டவே, மதிப்புப் பார்ப்போம், பெருந்தொகை தேறினால் விற்றுப் பகிர்ந்துகொள்வோம் என்றாள். எனக்கு விற்க மனமில்லை; ஆனாலும் சரி என்றேன். சென்ற மாதம் சேலத்தில், பழைய கடிகாரங்களை நன்கறிந்த ஒருவரின் கடைக்கு இருவரும் போனோம். விலை குறைவாக இருக்கவேண்டுமே என்று கொண்டை ஊசி வளைவுதோறும் வேண்டிக்கொண்டே இறங்கினேன்.

நாங்கள் ஏற்காட்டிலிருந்து வருவதைக் கேட்டறிந்த கடைக்காரர், உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிப் பின்மூடியைத் திறந்து பார்த்தார். “சுவிஸ் மெஷினுதானுங்க. ஆனா இது தங்கமில்லீங்க, முலாம். டயலுக்கும் மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்குது. மூவாயிரம் குடுத்தாப் பெருசுங்க.”

தங்கையின் முகம் வாடிற்று. என் நெஞ்சு இலேசாயிற்று. மூடியைப் பொருத்தப்போனவர் சற்றே நின்றார். அதன் உட்புறத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, உருப்பெருக்கியை என்னிடம் நீட்டினார்.

மயிரிழை போன்ற கீறல்கள் வரிவரியாகத் தெரிந்தன. கடிகாரத்தைப் பிரித்துத் துப்புரவு செய்பவர், மாதத்தையும் ஆண்டையும் தம் பெயரின் முதலெழுத்தையும் ஊசியால் உள்ளே கீறிவைப்பது அத்தொழிலின் வழக்கமாம்.

“மூணு நாலு இருந்தாலே சாஸ்திங்க. இதுல பத்தொம்பது இருக்குது. ஒரு வருசம் தப்பலை, எல்லாமே பிப்ரவரி. மலைப்பனி உள்ள எறங்குனா செகண்டு முள்ளு பிசகிப்போவுமுங்க. யாரோ நொம்பப் பாத்துப் பாத்து வெச்சிருந்திருக்காங்க.”

இவ்வேலைக்கு முழுப் பகலும் பிடிக்கும் என்றும், அன்றே வேண்டுவோர் கடையிலேயே காத்திருக்க நேரும் என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பிப் பறிப்பு முடியும் மாதம் பிப்ரவரி. ஓட்டலும் இல்லை, சினிமாவும் இல்லை. யாரோ ஒருவரின் நாடியில் ஒரு துடிப்பும் எண்ணிக்கை தவறலாகாது என்பதற்காக, ஏதோ ஒரு கடைப்பலகையில், வெறும் மணிக்கட்டோடு, காலைமுதல் மாலைவரை அம்மா அமர்ந்திருந்திருக்கிறார்.

“ஏனுங்ண்ணா,” என்றாள் தங்கை மெல்ல, “நீங்க ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தது இதுக்குத்தானா?”

விற்பது பற்றி அதன்பின் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. துப்புரவு செய்து தரக் கேட்டோம். நாளை வாருங்கள் என்றார் கடைக்காரர், காத்திருக்கிறோம் என்றேன். அன்று முழுவதும் அக்கடையின் பலகையில் அமர்ந்திருந்தோம். அம்மாவின் மருத்துவமனை இப்போது சுற்றுலாப் பயணியர் தங்கும் ‘லாட்ஜ்’. நோயாளியின் விரல்நுனியில் மாட்டும் சிறு கருவியே எண்ணைக் காட்டிவிடுகிறது. மணிக்கட்டைப் பற்றியபடி உதடசைத்து எண்ணுவார் இன்று யாருமில்லை.

மாலையில் கடிகாரம் ஓடத் தொடங்கிற்று. கடைக்காரர் ஊசியை எடுத்து, தம் குறியையும் போடலாமா என்று கேட்டார்.

“போடுங்க தம்பி,” என்றாள் தங்கை. “அடுத்த வருசத்துக்கும் எடம் விட்டுப் போடுங்க.”